படிக்கட்டுத் திருப்பத்தில் காட்டுமாடு

எங்கள் வீட்டிலிருந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் போக இரண்டு வழிகள். படிக்கட்டில் இறங்கினால் பதினைந்து நிமிடம். ரோட்டைச் சுற்றினால் முக்கால் மணி நேரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் படிக்கட்டில்தான் இறங்குகிறேன். பாதி வழியில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே காட்டுமாடு நின்றால் நானும் நின்றுவிடுவேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேய்ந்து முடித்துப் புதருக்குள் போகும். ஓடக் கூடாது, கன்றோடு இருந்தால் கிட்டே போகக் கூடாது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் மாடு நிற்கும் இடத்தோடு நின்றுகொண்டது.

பிறகு எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். விடிந்தால் மஞ்சள் அலர்ட், மதியம் ஆரஞ்சு அலர்ட், மலையேறும் காட் ரோட்டில் பாறை உருண்டது, வட்டக்கானல் பக்கம் சிறுத்தை. எது இன்றைக்கு நடந்தது, எது என்றைக்கோ நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அக்கறை இல்லாதவள் என்று பேர் வரும்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை ஏரியைச் சுற்றி நடக்கக் கூட்டிப் போவதென்றாலும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவேன். 'எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்ற வரியை டைப் அடித்தவளே நான்தான். அந்தத் தாளால் ஒரு பிள்ளையாவது வழுக்கி விழாமல் தப்பித்திருக்குமா? ஆபத்து அப்படியேதான் இருந்தது. பழி யார் தலையில் என்பது மட்டும் முன்கூட்டியே முடிவானது.

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்துத் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பதரைக்குள் வர வேண்டும், பிந்தினால் அனுமதி இல்லை. ஆறு மணி பஸ்ஸை விட்டால் கதை முடிந்தது.

ஐந்தரைக்கு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது போன் சத்தம் போட்டது. குழுவில் ஒரு படம். படிக்கட்டுத் திருப்பத்தில் காட்டுமாடு, பக்கத்தில் கன்று. 'யாரும் இறங்க வேண்டாம்' என்று கீழே எழுதியிருந்தது.

"நான் போயி பாத்துட்டு வாறேன்மா. நின்னாலும் கொஞ்ச நேரத்துல போயிரும்" என்றாள் மகள்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வா ரோட்டு வழியா" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அந்தப் படத்தை எங்கள் பள்ளிக்கூடக் குழுவுக்கும் அனுப்பினேன். நேரம் பறக்கிறது, கைக்கு அது மட்டும் தவறவில்லை.

டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை. மூச்சிரைக்க ரோட்டைச் சுற்றி நடந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது மணி ஆறு இருபது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல்லில் அந்த வாசலை மிதித்தபோது பத்தேகால்.

"வழியில காட்டுமாடுங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு அங்கிருந்தவர் சிரித்தார். "டைம் முடிஞ்சு போச்சும்மா" என்று மகள் நீட்டிய ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு போனை என் மடியில் வைத்தாள். மாட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கொடி, அதில் மெரூன் ஸ்வெட்டர். அவளுடைய பள்ளிக்கூட ஸ்வெட்டர். அவள் ப்ளஸ் டூ முடித்தே ஆறு வருடமாகிறது. வெயில் விழுகிறதென்று அப்போது திருப்பத்தில்தான் துணி காயப்போடுவோம். அந்தப் படத்தை எடுத்து, அப்போது நாலு பேருக்கு அனுப்பியவளும் நான்தான். காலையில் மாட்டை மட்டும் பார்த்தேன், வேறெதுவும் கண்ணில் படவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதைக் குழுவில் போட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். "எனக்கு எங்க தம்பி மக அனுப்புச்சா. நான் அனுப்பாம இருந்து, ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னையத்தான கேப்ப?" என்றார். வாசலில் நான் கத்தியதும் இதையேதான்.

'அது ஆறு வருடத்துக்கு முந்தின படம், என் மகளுக்கு வர வேண்டிய வேலை போய்விட்டது' என்று குழுவில் எழுதினேன். 'பழசா இருந்தா என்ன, ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே' என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இன்னொருவர் 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கர்த்தர் காத்தார்' என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் ஆகவில்லையாம்! மாடு முட்டினால்தான் இவர்கள் கணக்கில் ஏதாவது ஆனது போலிருக்கிறது. இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளை வெறுங்கையோடு வந்ததெல்லாம் எதிலும் சேராது.

மூன்று வாரம் கழித்து வத்தலக்குண்டில் ஒரு சின்ன கிளினிக்கில் கூப்பிட்டார்கள். வெள்ளனே அவளே எழுந்து, என்னை எழுப்பாமல் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்றாள். சம்பளம் குறைச்சல்தான், ஆனாலும் நர்ஸ் வேலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். பாதிச் சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள், திருப்பத்தில் காட்டுமாடு நின்றதாம், கன்றோடு. பத்து நிமிடம் காத்து நின்றாளாம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏன்டி, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பண்ணியிருந்தா நான் போயிருக்க முடியுமாம்மா?" என்றாள்.