அரைக்கட்டை

காலை ஒன்பது இருபத்தைந்து. அரங்கத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய வலது கைச் சுண்டுவிரல். மற்ற நான்கு விரல்களும் பியானோவில் ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் வளைந்தே நின்றது. வண்டியூர் தெப்பக்குளத்து முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முறிந்த விரல். வெள்ளைக் கீயை அழுத்தும். குறுகலான கறுப்புக் கீயில் வைத்தால் வழுக்கிவிடும்.

அவர் பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசிப்பவர். இருபது வருடமாகப் பின்னால்தான். அவர் முன்னால் உட்கார, ஐந்து வயலின்கள் பதில் சொல்லும்படி நான் ஒரு கான்செர்டோ எழுதியிருந்தேன். சுண்டுவிரலுக்கு ஓரிடத்திலும் கறுப்புக் கீ வராது. அப்படி எழுத ஏழு மாதம் பிடித்தது. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

வயலின்காரர்கள் ஐவரும் கர்நாடகக் கச்சேரிகளில் வாசிப்பவர்கள். ஒத்திகை தொடங்கி நான்காவது நொடியில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வயலின்கள் பியானோவைவிடச் சுருதியில் அரைக்கட்டை, அதாவது பியானோவில் ஒரு கீ அளவு, மேலே இருந்தன.

தவறு என்னுடையது. நாளிதழில் பிழை திருத்துவது என் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டு மேடைகளில் கீபோர்டு வாசிப்பேன். பாடுபவரின் குரலுக்கேற்ப ஒரு பட்டனைத் தட்டிச் சுருதியை ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு பாடகிக்காக ஏற்றிய அரைக்கட்டையை இறக்காமலே வீட்டில் இதை எழுதியிருக்கிறேன். பியானோ பகுதியை, என் விரல்கள் எந்தக் கீயில் விழுந்தன என்று பார்த்துத் தாளில் எழுதினேன்; அதில் பட்டனின் ஏற்றம் சேரவில்லை. வயலின் பகுதிகளைக் கீபோர்டில் வாசித்து, ஏறிய சுருதியிலேயே செல்போனில் பதிவுசெய்து அனுப்பினேன். அவர்கள் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்கள். நடந்ததை எல்லோரிடமும் சொன்னேன்.

வயலின்காரர்களில் மூத்தவர் ஆசிரியையைப் பார்த்து, "அக்கா, நீங்க அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டிருங்க" என்றார்.

"பியானோவுல ஏது தம்பி பட்டன்?"

"அப்ப கையை ஒரு கீ தள்ளி வச்சு வாசிங்க."

"தள்ளுனா இந்த விரலு கறுப்புல விழும். நிக்காது." சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேற ஆளைப் பாத்துக்கங்க சார். நான் பின்னாலயே இருந்துக்கிறேன்" என்று பியானோவை மூடினார்.

மூத்தவர்தான் பேசினார். "எதுக்குக்கா மூடுறீங்க? பாடுறவுகளுக்காகத் தெனமும் ஏத்தி எறக்குறோம். ஒங்களுக்கு எறக்க மாட்டமா?" பக்கத்திலிருந்தவரிடம், "மாப்ள, தந்தியை அரைக்கட்டை எறக்கு. எழுதுனதை அப்படியே வாசி. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு என்னிடம், "ஏண்ணே, ஊரு தப்பெல்லாம் பேப்பர்ல புடிக்கிறீக. வீட்ல ஒரு பட்டனைப் பாக்கக் கூடாதா?"

ஆசிரியை சிரித்துவிட்டார். ஐவரும் குனிந்து தந்திகளைத் தளர்த்தினார்கள். தளர்ந்த தந்தி உடனே ஓரிடத்தில் நிற்காது. ஏழெட்டு முறை மீட்டிப் பார்த்தார்கள். வயலின்களின் ஒலி சற்றுத் தடித்திருந்தது. எனக்கு அது பிடித்தது. பத்து நாற்பதுக்கு அவர் பியானோவைத் திறந்தார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேடையில் முன்னால் உட்கார்ந்து, பத்தொன்பது நிமிடம் வாசித்தார்.