ஒற்றை அடுக்கு மருந்து

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பித்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். வெளியூர்க்காரர், இயற்பியல் ஆராய்ச்சியாளராம். செல்லோ டேப்பில் ஏதோ கறுப்புத் தாதுவை ஒட்டுவதும், மடித்துப் பிரிப்பதுமாகவே வந்தார்.

“பிரிக்கப் பிரிக்க மெலியும். மூணு அணு கனத்துக்கு ஒத்தை அடுக்கா வந்துட்டா, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி உள்ளே போய் நீலமா வெளியே வரணும். ரெண்டு அடுக்குன்னா வராது,” என்றார்.

திருத்தங்கலில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். “என்ன, மருந்தா வச்சிருக்கீக?”

எங்கள் பக்கம் மருந்தென்றால் வெடிமருந்து. கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காமல் டேப்பையே வெறித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர், “ஆமா, கீழே விழுந்துருச்சு,” என்று குனிந்தார்.

“டிரைவரண்ணே, வண்டிய நிறுத்துங்க! எல்லாரும் இறங்குங்க!”

சாலையோரம் ஓடினோம். அவர் மட்டும் உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தார்.

“எம்புட்டு இருக்கும்?” கண்டக்டர் ஜன்னல் வழியே கேட்டார்.

“கண்ணுக்கே தெரியாதுங்க.”

கண்டக்டர் இன்னும் பத்தடி தள்ளிப் போனார்.

“கிடைச்சிருச்சு!” என்று வெறும் விரலைத் தூக்கிக் காட்டினார் அவர். கண்டக்டர் விசில் ஊதினார், ஏறிக்கொண்டோம்.

அந்த விரலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் சிவகாசி வரும்வரை யாரும் அதை இடித்துவிடாதபடி நான்தான் கையால் அணைகட்டிக்கொண்டு வந்தேன்.