ஆடிட் நாளன்று நான் சொல்லாமல் விட்டவை

சனிக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு என் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அப்பா, அவங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். ஒண்ணும் குறைக்கலை." அதற்குப் பிறகு அவளுடைய போன் அணைந்துவிட்டது.

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழை மலையாள எழுத்தில்தான் எனக்கு அனுப்புவாள். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது, வேலை செய்கிற சுக்கு கோடவுனில், தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உடனே கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் வேலை செய்வது தோப்பும்படி பாலத்தைத் தாண்டித் தெற்கே, இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில். பரிசோதனைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே ஷிஃப்ட் தொடங்குவதால் மதிலுக்குள்ளேயே இருக்கிற ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அதே ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில் இறால் உரிக்கிற அசாம் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆதார் கார்டுகளை மேனேஜரின் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றும், வேலை முடிந்ததும் வெளிக்கதவையும் பூட்டிவிடுகிறார்கள் என்றும் அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். "எல்லா இடத்திலும் அப்படித்தான், நீ உன் வேலையைப் பாரு" என்று நான் சொல்லியிருந்தேன்.

இறாலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறதுதான் அந்த ஆடிட். அசாம் பெண்களுக்கு இந்தி, வந்தவர்களுக்கு இங்கிலீஷ். என் மகளுக்கு இரண்டும் தெரியும். அதனால் அவளை நடுவில் நின்று மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள். "அப்பா, நாளைக்கு நான்தான் நடுவுல நிக்கணுமாம். நீங்க எப்படிச் செய்வீங்க?"

நான் சொன்ன பதில் இப்போதும் என் காதில் இருக்கிறது. "கேட்டதுக்கு மட்டும் சொல்லு. அவங்க நீளமாப் பேசினா நீ சுருக்கிடு. கூர்மையா ஏதாவது வந்தா கொஞ்சம் மழுக்கிடு. யாருக்கும் ஒரு கேடும் இல்ல."

"சரிப்பா" என்றாள்.

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கோடவுனில் நான் கிளார்க். சுக்கைத் தரம் பிரிக்கிற பெண்கள் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சுண்ணாம்பு ஏற்றிய சுக்கு அது. கூடையைக் கவிழ்த்தால் வெள்ளைத் தூசி எழும்பி ஆளை மறைக்கும். எங்களுக்கும் ஆடிட் உண்டு. அன்று காலையில் அலமாரியிலிருந்து மாஸ்குகள் வெளியே வரும். பூட்டியிருக்கிற இரண்டாவது கக்கூஸ் திறக்கும். தண்ணீர் கேன் வரும். வந்தவர் இங்கிலீஷில் கேட்க, பெண்கள் தமிழில் சொல்ல, நான் நடுவில் நிற்பேன்.

ஒரு வருஷத்து ஆடிட்டில், அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி, "நெஞ்சு அடைக்குதுங்க, படுத்தா இருமல் விடமாட்டேங்குது, இந்த முகமூடி இன்னைக்குத்தான் கண்ணுல பாக்குறோம்" என்றாள். நான் வந்தவரிடம், சீசன் சமயத்தில் கொஞ்சம் தூசி இருக்குமாம், பழகிவிட்டதாம் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முதலாளி என் தோளில் தட்டினார்.

அதை வீட்டில் சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னேன். மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். "அந்த அக்கா இருமினது அவருக்குக் கேட்கலையா?" என்றாள்.

"கேட்டுச்சு. ஆனா இருமலுக்கு அவர் மொழிபெயர்ப்பு கேட்கலையே" என்றேன். நானும் என் மனைவியும் சிரித்தோம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவள் வீட்டுக்கு வருகிற நாள். பத்து மணி பஸ்ஸில் இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே "தண்ணி இருக்கா?" என்று கேட்பாள். தலைக்கு மூன்று தடவை ஷாம்பு போடுவாள். எலுமிச்சம் மூடியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே, "வாசம் போகலைம்மா, பாரு" என்று அவள் அம்மாவின் மூக்குக்கு நேரே கையை நீட்டுவாள். "அய்யே, தள்ளிப் போடி" என்று என் மனைவி விரட்டுவாள். பிறகு ஈரத்தலையோடு ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்குவாள். கட்டிலில் படு என்றால் கேட்க மாட்டாள். அவளைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் நடப்போம். ஒருமுறைகூட அது இடைஞ்சலாக இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் தரையைப் பார்த்தபோது, இன்னும் நூறு தடவை அப்படித் தாண்டி நடக்க வேண்டும்போல இருந்தது.

பத்து மணி பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. "நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, எப்படிப் பேசணும்னு. போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சேட்டன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"இன்னு ஆரெயும் காணான் பற்றில்ல" என்றார். இன்றைக்கு யாரையும் பார்க்க முடியாதாம்.

"ஞாயிற்றுக்கிழமைதானே? லீவுதானே?"

"லீவு உங்களுக்கு. உள்ளே மீட்டிங் நடக்குது. ஆடிட்ல யாரோ வாயைத் திறந்துட்டாங்க. எல்லார் போனையும் வாங்கி ஆபீஸ்ல வெச்சிருக்காங்க." அவர் தமிழ் சினிமாவில் கற்ற தமிழில் பேசினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த லாப் குட்டி உங்க மோளா?"

"ஆமா."

"நல்லா இருக்கு. காலையில பார்த்தேன். சாயா குடிச்சிட்டு இருந்தது. போங்க சேட்டா, வெயில்ல நிக்காதீங்க."

நான் போகவில்லை. இரும்புக் கதவின் இடுக்கு வழியாக முற்றம் கொஞ்சம் தெரிந்தது. நீலத் தொப்பியும் வெள்ளை பூட்ஸுமாகப் பெண்கள் கடந்து போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். என் மகளை நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வருஷம் வளர்த்த மகள். ஆனால் அந்த பூட்ஸைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே நடை. மதியம் இரண்டு மணி வரை நின்றேன். ஒவ்வொரு நீலத் தொப்பிக்கும் நெஞ்சு ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை கோடவுனுக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. எங்கள் கோடவுனில் ஒரு போஸ்டர் உண்டு. எங்கள் சுக்கும் அவர்களுடைய இறாலும் போவது ஒரே வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்குத்தான். தொழிலாளிகள் யாரும் நேராகப் புகார் சொல்லலாம் என்று அவர்களே ஒரு போன் நம்பரை அச்சடித்து எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இந்தியிலும் இருந்தது, தமிழில் இல்லை. அதை ஒட்டியவன் நான். கதவைத் திறந்து வைத்தால் மறைந்துபோகிற சுவரில் ஒட்டியிருந்தேன். எங்கள் கதவு பகல் முழுவதும் திறந்தே இருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைப் பார்த்தேன்.

"என்ன சார், இன்னைக்கு ஆடிட்டா? மாஸ்க்கு எடுக்கட்டுமா?" பின்னாலிருந்து குரல் வந்தது. இருமல்கார அக்காதான். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஆடிட் இல்லக்கா."

"அப்புறம் எதுக்குக் கதவைச் சாத்துறீங்க? அதுல என்ன எழுதியிருக்கு?"

நான் படித்துச் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில் யாரையும் பூட்டி வைக்கக் கூடாது, யாருடைய அடையாள அட்டையையும் பிடித்து வைக்கக் கூடாது, உடம்புக்குக் கேடு வருகிற இடத்தில் பாதுகாப்பு கொடுக்க வேண்டும், இந்த நம்பரில் கூப்பிட்டால் பேரை வெளியே சொல்ல மாட்டோம். வரிக்கு வரி, எதையும் விடாமல் தமிழில் சொன்னேன். அந்தச் சுவரில் அது மூன்று வருஷமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும், "இத்தனை நாளா இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா உக்காந்திருந்தோம்?" என்றாள்.

நான் நம்பரை அழுத்தினேன். எடுத்தவர் ஒரு பெண், மலையாளத்தில் பேசினார். என் மகளைப் பற்றிச் சொன்னேன். பூட்டிய கதவு, அலமாரியில் இருக்கிற கார்டுகள், வாங்கி வைத்த போன்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்? உங்களுக்கு இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது?"

கோடவுனின் பெயரைச் சொன்னேன்.

"அங்கே எப்படி இருக்கிறது?"

வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. போனில் அது கேட்டிருக்க வேண்டும். "அது யார்?" என்றார் அவர். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

பன்னிரண்டு வருஷமாக மட்டாஞ்சேரியில் மீனும் கப்பைக்கிழங்கும் பேரம் பேசி வாங்குகிறவள் அவள். தமிழும் மலையாளமும் கலந்து, நடுவில் யாரும் இல்லாமல், தன் நெஞ்சைப் பற்றி அவளே சொன்னாள். ஏழெட்டு நிமிஷம் பேசியிருப்பாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளியின் கார் சத்தம் வெளியே கேட்டது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றைக்கு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார் முதலாளி. மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மகளின் போன் இன்னும் அணைந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்தேன். என் மனைவி இரண்டு தடவை பாத்ரூம் வாளியை நிரப்பினாள்; அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. மதியச் சோறு மூடியபடியே இருந்தது.

நாலு மணி தாண்டி அவள் வந்தாள். இரண்டு மூன்று நாளாக மாற்றாத சுடிதார். கண் உள்ளே போயிருந்தது. கையில் எதுவும் இல்லை. அவள் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன், பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள், காலையில் அலமாரியைத் திறக்க வைத்தார்கள், போனும் கிடைத்துவிட்டது, சார்ஜ்தான் இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னாள். உன்னைப் பூட்டி வைத்தார்களா என்று கேட்டேன். என்னை ஞாயிற்றுக்கிழமையே போகச் சொன்னார்கள், அசாம் பெண்களை விட்டுவிட்டு நான்தான் வரவில்லை என்றாள்.

"சரி, வந்துட்டே இல்ல. போதும். பேக் எங்கம்மா?" என்றேன்.

"கொண்டு வரலைப்பா. முகத்தைக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். எட்டுப் பேருக்குத்தான் கார்டு கிடைச்சிருக்கு. மத்தவங்களோடது அவங்களைக் கூட்டிட்டு வந்த கான்ட்ராக்டர்கிட்ட இருக்காம். நாளைக்கு லேபர் ஆபீசர் வர்றார். ஆறு மணி பஸ்ஸுக்கு நான் போயாகணும். நான் இல்லேன்னா வேற யாரையாவது நடுவுல நிறுத்திடுவாங்க."