இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை, ஒருவருக்கும் தலை குனிந்ததுமில்லை. ஆனால் சாமிக்கு முன்னால் வைத்து என் கடைசி மகனை ஏமாற்றினேன். அவனுடைய துவக்குக்குத் தோட்டாவைத் தேர்ந்தது கடவுள் அல்ல... நான்!

சிரிக்கிறீர்களா? லண்டன் நோர்பரியில் இருக்கிற கிழவிக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம்தான் நாங்கள். அப்படியிருந்தும் என் மகன் குகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய், வெகுதூரத்தில் நட்டிருக்கும் அட்டையைக் குறிபார்த்துச் சுடுவதென்றால் உயிர். கூச்சப்பட்ட பிள்ளை அவன். அங்கே போய் வந்த நாட்களில் மட்டும் நிமிர்ந்து நடப்பான். அதனால் நான் தடுக்கவில்லை.

மருமகள் மாலினி நோர்வேயில் வளர்ந்தவள். அங்கே அவளுடைய அண்ணன் வருடாவருடம் எல்க் வேட்டைக்குப் போகிறவர். எல்க் என்றால் குதிரையைவிட உயரமான மான். அவர் குகனையும் வரச்சொல்லி அழைத்தார். குகன் புதுத் துவக்கு ஒன்று வாங்க நினைத்தான். அட்டைக்கும் அதுதான், வேட்டைக்கும் அதுதான். எந்தத் தோட்டாவுக்கான துவக்கு என்று முதலிலேயே போலீசிடம் எழுதிக் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். பிறகு லேசில் மாற்ற ஏலாது.

சாப்பாட்டு மேசையில் தினமும் இதே கதைதான். ஒன்று ஆறரை மில்லிமீட்டர் தோட்டாவாம். சின்னது, தோளில் அவ்வளவாக உதைக்காது, காற்றுக்கும் அதிகம் விலகாது, அட்டைக்கு அருமையானது. மற்றது முந்நூறு மக்னமாம். தோளைப் பதம் பார்க்கும். ஆனால் தூரத்தில் நிற்கிற பெரிய மிருகத்தையும் விழுத்தும்.

"ஆறரையும் அங்க சட்டப்படி செல்லும் மாலினி," என்றான் குகன்.

"செல்லும். கிட்ட நிண்டு சுட்டா விழும். நீங்கள் தூரத்தில நிண்டு சுடுற ஆள். அட்டை காயத்தோட ஓடாது, எல்க் ஓடும்."

நான் இடையில் புகுந்தேன். "அவன்ர தோள் ஒப்பரேசன் செய்த தோள். நோர்வேக்காரிக்கு அது விளங்காதோ?"

"அதுக்கு மெத்தை வைச்ச சட்டை இருக்கு மாமி. நீங்கள் முதல்ல ரிமோட்டை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு பாருங்கோ. துவக்கைப் பிறகு பாப்பம்," என்று சிரித்தாள்.

மகனும் சேர்ந்து சிரித்தான்! அந்தச் சிரிப்பு... அதுதான் எனக்குள் தைத்தது.

தோள், தோள் என்று உங்களிடமும் சொல்லித் தப்பப் பார்க்கிறேன். பொய்! இந்த வீட்டில் அவள் சொல் நின்று என் சொல் விழக்கூடாது. அவ்வளவுதான்.

"பூக்கட்டிப் பாப்பம். சாமி சொல்லட்டும்," என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காணி எல்லாம் அப்படித்தான் முடிவானது. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்துச் சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை ஆறரைக்கு, சிவப்பு முந்நூறுக்கு என்று பேசிக்கொண்டோம். மடித்தவள் நான். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். சிவப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்... விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குகன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். வெள்ளை. மாலினி விழுந்து கும்பிட்டாள். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, அது எங்கள் வழக்கமில்லை. அந்தத் துணிச்சலில்தான் களவு செய்தேன்.

நோர்வேயில் குகன் சுட்டான். பட்டது, ஆனால் விழவில்லை. காட்டுக்குள் ஓடிவிட்டது. நாயை விட்டுத் தேடி, மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். உயிரோடு கிடந்ததாம். இவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்ததாம்... முன்னங்கால் விடவில்லையாம். மாலினியின் அண்ணன்தான் அதை முடித்தார். குகனுக்குத் துவக்கைத் தூக்கவே மனம் வரவில்லை.

"சாமி சரியாத்தான் தந்தது அம்மா. என்ர கைதான் சரியில்லை," என்றான் வந்ததும். துவக்கை விற்றான். கிளப்பை விட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறான்.

பெரிய தோட்டாவென்றால் விழுந்திருக்குமா? தூரம் கூடிவிட்டதோ, உண்மையாகவே கை பிசகியதோ... எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட அவனுக்கு நான் வழி விடவில்லையே!

மாலினி ஒரேயொரு தடவை, "நான் அப்பவே சொன்னனான்," என்றாள்.

"சாமி குடுத்ததைப் பிழையெண்டு சொல்லுறியோ?" என்று சீறினேன். யார்? நான்!

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவள் பட்டினி கிடக்கிறாள். சாமியைச் சந்தேகித்த பாவத்துக்காம். பட்டினியோடு சமைத்து, எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன்... உப்பு காணாது என்றும் சொல்கிறேன்.

சொல்லிவிட எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். அவள் முகத்தில் வரப்போகிற அந்தச் சிரிப்பை நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். பெற்ற மகனின் நிமிர்ந்த நடையைவிட என் வீம்பு பெரிதா? பெரிதாகத்தான் இருந்திருக்கிறது! இல்லாவிட்டால், அடுத்த அறையில் இருக்கிற அவனை விட்டுவிட்டு, முகம் தெரியாத உங்களுக்கு எதற்காக இதை எழுதுகிறேன்?

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுதினது எனக்கே விளங்கவில்லை. குகனின் மகளைக் கூப்பிட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாள்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழையெண்டாத் திருத்து, மற்றதைத் தொடாதை. சத்தமா வாசி, கொப்பாவுக்கும் கேக்கட்டும்... பொறு, பொறு. அம்மா படியேறி வாறா போல. கதவைச் சாத்திப்போட்டு, மெல்ல வாசி."