மைக்கில் சொன்ன விலாசம்

மூன்றாம் வகுப்பில் எனக்கு முன்பல் இரண்டு இல்லை. ஆனால் தொண்டை இருந்தது. ஓசூரில் எங்கள் மாதா கோயிலில், கருக்கலைப்புக்கு எதிராக ஊர்வலம் போவது என்று முடிவானபோது, பிறக்காத குழந்தையாகப் பேச என்னைத் தேர்ந்தெடுத்தது அந்தத் தொண்டைக்காகத்தான். இன்னொரு தகுதியும் உண்டு. அப்பாவும் அத்தையும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இத்தனை வருஷத்தில் தமிழைத் தவிர எதுவும் அவர்கள் வாயில் நுழையவில்லை. நானோ தெருப் பிள்ளைகளோடு விளையாடியே கன்னடமும் தெலுங்கும் பழகியிருந்தேன்.

டெம்போவில் தெர்மாகோலால் முட்டை மாதிரி ஒரு கூடு செய்து என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். "அம்மா, என்னைப் பிறக்க விடு" என்று மூன்று மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அத்தை, பதாகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு அருகே கம்பெனி பஸ்களுக்கு நடுவில் டெம்போ மாட்டிக்கொண்டது. அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கண்டே எவுரு சூசுகுண்டாரு?"

பெற்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெலுங்கில் கேட்கிறாள். அது கோபத்தில் கேட்டது, பதிலுக்காக அல்ல என்று வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்லிப் பழகியவள் நான். எங்கள் அத்தை பார்த்துக்கொள்வாள் என்று தெலுங்கிலேயே மைக்கில் சொன்னேன். அதோ, அவள்தான் என்று கையும் காட்டினேன். தொலைந்துபோனால் சொல்வதற்காக மனப்பாடம் செய்திருந்த விலாசத்தையும் ஒப்பித்தேன். தெலுங்கில் ஒரு சொல்கூடப் புரியாத அத்தை, ஹாரன் சத்தத்தில் விலாசமும் காதில் விழாமல், எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் ஒரு பையோடு மாடிப்படியில் நின்றாள்.

"யாரும்மா நீ?" என்றாள் அத்தை.

"நீங்க பாத்துக்குறேன்னு சொன்னீங்கல்ல," என்றாள் தட்டுத்தடுமாறிய தமிழில். "மைக்குல."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, மைக்குல என்னட்டி சொன்ன?"

பெருமையாகச் சொன்னேன். நைட் ஷிப்டு முடிந்து வந்திருந்த மாமா, டிபன் கேரியரோடு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவளின் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ள வா, மொதல்ல சாப்பிடு," என்றாள்.

வந்தவளுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஊர். ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதும் பெண்தான் என்று மாமியாரே தீர்மானித்து, கலைத்துவிட்டு வா என்று பஸ் ஏற்றிவிட்டிருந்தாள். இவளுக்கு மனமில்லை, போக்கிடமும் இல்லை.

மறுவாரம் அந்த இரண்டு பெண்களும் வந்து இறங்கினார்கள். எனக்குக் கொண்டாட்டம். மாமாவின் கட்டில் மொட்டைமாடிக்குப் போயிற்று. அத்தை நாள் தவறாமல் என்னைத் திட்டினாள்; திட்டிக்கொண்டே அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஊர்வலத்தில் கூட நடந்தவர்களில் சிலர் முட்டை கொண்டுவந்தார்கள். சிலர் புத்தி மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறந்ததும் பெண்தான். ஒரு மாதம் கழித்துப் புருஷன்காரன் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து வாசலில் நின்றான்.

"மூணு பிள்ளையளையும் ஒழுங்கா பாத்துக்கிடுவானான்னு கேளுட்டி!"

கேட்டேன். தலை நிமிராமல் ஆட்டினான்.

"ஆமாங்கிறார், அத்தை."

"அது எனக்கே தெரியுது. வாயால சொல்லச் சொல்லு."

சொன்னான். அதன் பிறகுதான் அவர்களை அனுப்பினாள்.

அடுத்த வருஷ ஊர்வலத்துக்கான கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நடக்கத்தான் போறோம், ஃபாதர். அதுக்கு முன்னால, வர்றவளுக்குப் படுக்க ஒரு எடம் பண்ணுங்க," என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டிருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். நாங்கள் ஒளிந்து விளையாட இருந்த ஒரே இடம் அது. ஊரில் இத்தனை அறைகள் இருக்க, போயும் போயும் எங்கள் அறையை எதற்குப் பிடுங்கினாள் என்று நான் அத்தையோடு இரண்டு நாள் பேசவில்லை.