அக்கா போட்ட தனி இலை

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. வந்திருக்கிற உறவுக்காரர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். நான் அவருக்கு ஒரே தம்பி. ஐந்தாவதோடு படிப்பு நின்றவன். "நினைவு மலர் போடறோம், நீங்கதான் எழுதணும் மாமா" என்று அக்காவின் மருமகன் சொல்லிவிட்டார். தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. நிலம் கிடையாது. கரும்பு வெட்டுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போகும்போது எங்களையும் கூட்டிப் போவார்கள். அக்கா வெட்டுவார், நான் கட்டுவேன். கரும்புச் சோகை கிழித்துக் கையெல்லாம் ரத்தமாக இருக்கும். அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆகி நைனார்பாளையம் வந்தார். மாமா நெஞ்சு வலியில் சீக்கிரமே போய்விட்டார். ஒரே பெண். அக்கா குத்தகைக்கு நிலம் பிடித்து மல்லாட்டை போட்டார். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காய வைத்து, உடைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி வருவார். கடை எண்ணெய் அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. பெண்ணைப் படிக்க வைத்தது அந்த மல்லாட்டைதான்.

பெண்ணும் ரிஷிவந்தியத்துப் பையனும் வேலை செய்கிற இடத்தில் விரும்பினார்கள். ஒரே சனம்தான். ஆனால் அவர்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள், நாங்கள் வெட்டுக்கூலி. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. நிச்சயத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டில் கை நனைக்காமலே போய்விட்டார். கல்யாணச் சாப்பாட்டில்தான் அவர் கை நனைத்தாக வேண்டும். அக்காவுக்கு அந்தக் கவலைதான்.

கல்யாணப் பந்தியில் அக்கா சம்பந்தி வீட்டார் மேல் கை வைத்துவிட்டார் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க மாமா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளையின் அம்மா தனியாக அக்கா வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். மாப்பிள்ளையின் தங்கைக்கு மல்லாட்டை ஆகாது. ஒரு பருப்பு வாயில் பட்டால் உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். ஒரு தடவை சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது பெரியப்பாவுக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டாரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள்.

"பொம்பளப் புள்ள அண்ணி. நோவுன்னு பேரு வந்துட்டா எவன் கட்டுவான்? யாருக்கும் சொல்ல மாட்டேன்னு உங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க" என்று அழுதாராம். அக்கா சத்தியம் செய்து கொடுத்தார்.

கல்யாணத்துக்கான எண்ணெய் அதற்குள் ஆட்டி வந்தாகிவிட்டது. அத்தனையும் மல்லாட்டை எண்ணெய். மாற்றக் காசும் இல்லை. அக்கா புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கினார். பழைய சட்டியில் எண்ணெய் ஊறியிருக்கும் என்று பயம். மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் அடுப்பு கேட்டு, முகூர்த்தத்தன்று விடியலிலேயே நல்லெண்ணெயில் தனியாகச் சமைத்தார். சோறு, சாம்பார், பொரியல், வடை எல்லாம்.

சமையல்காரருக்குக் கோபம். "ஏம்மா, என் கையில இன்னா வெஷமா இருக்குது? சொந்தப் பொண்ணு கல்யாணத்துல நீயே வடை சுட்டுக்கினு இருக்கிற!"

"ஒரு வேண்டுதல்" என்றார் அக்கா.

"யாருக்குக்கா இது?" என்று நான் கேட்டேன்.

"வேல இருக்குது. போடா."

தாலி கட்டியானதும் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெரியப்பா நடுவில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் வரன் பேசிய வீட்டார். அந்தப் பெண்ணை அக்காவே கூட்டி வந்து கடைசியில் உட்கார வைத்தார். பக்கத்து இலையில் ஊற்றுவது தெறித்துவிடக் கூடாது என்று இரண்டு முழம் தள்ளி இலை போட்டார். பரிமாறுகிறவர்களை அந்த இலைக்கு வர விடவில்லை. தான் கொண்டு வந்த அடுக்குப் பாத்திரத்திலிருந்து தானே வைத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் இலை தனி, பாத்திரம் தனி என்றால் ஒரே அர்த்தம்தான். கூட உட்காரத் தகுதி இல்லாதவர்கள் என்று அர்த்தம். எங்கள் தாத்தா பாட்டன் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அது தெரிந்த அக்காவே ஒரு பெண்ணை அப்படி உட்கார வைத்தார். உயிர் பயத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? எங்க வூட்டுப் பொண்ணுக்குத் தனிச் சட்டியா?"

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு காரணம் இருக்குது. நீங்க சாப்புடுங்க" என்றார் அக்கா.

"இன்னா காரணம்? சொல்லு."

"சொல்றதுக்கில்லண்ணே."

"சொல்றதுக்கில்லயா! வெட்டுக்கூலி வூட்டுல சம்பந்தம் பண்ணா இப்டித்தான்னு அன்னிக்கே சொன்னன். யாரு கேட்டாங்க? இப்ப அவங்களே நம்மள ஒதுக்கி வெக்கறாங்க."

மாப்பிள்ளையின் அம்மா தூண் ஓரமாக நின்றார். தலை நிமிரவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலே பாதி தெரிந்துவிட்டிருக்கும்.

எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம். கிட்டே போய், "இன்னாக்கா பண்ற? பொண்ணு வாழ்க்க போவுது" என்றேன்.

"நீ தண்ணி ஊத்து" என்றார்.

பெரியப்பா தன் இலையிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நேராக அந்தப் பெண்ணிடம் போனார். "இந்தா கண்ணு. நாங்க துன்னறத நீயும் துன்னு. நீ ஒண்ணும் ஒசத்தியும் இல்ல, கம்மியும் இல்ல." அவர் பாசத்தில்தான் சொன்னார். அதையும் எழுத வேண்டும்.

அது மல்லாட்டை எண்ணெயில் பொரித்த வடை.

அந்தப் பெண் எதிர் வரிசையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. மேடையில் மாலையோடு நின்ற அண்ணனைப் பார்த்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வடையை வாங்கிக்கொண்டது. தின்றுவிடலாம் என்றுதான் நினைத்ததாகப் பின்னால் சொன்னது. வாய் வரைக்கும் கொண்டு போனது.

அக்கா அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வடை தெறித்து விழுந்தது. அந்தப் பெண்ணின் வளையல் உடைந்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தங்கையைப் பெண்ணின் தாய் அடித்தால் அது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பெரியப்பா தன் இடத்துக்குப் போய், பாதி சாப்பிட்ட இலையை மடித்தார். "எழுந்திருங்கடா எல்லாரும். தாலி கட்டனது கட்டனதா இருக்கட்டும். பொண்ணு அவங்க வூட்டுலயே இருக்கட்டும்." வரிசை வரிசையாக எழுந்தார்கள். மேடையில் அக்காவின் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அப்போதும் அக்கா வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு போட்டுக் கழுவினார்.

அந்தப் பெண்தான் பேசியது.

"பெரியப்பா, நில்லுங்க. எனக்கு மல்லாட்ட ஆகாது. அந்த வடய துன்னிருந்தா என்னத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கினு இருப்பீங்க. வெளிய தெரியக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சி. அதனாலதான் அத்த சொல்லல. போதும், என்னால அவங்க ஏன் கெட்ட பேரு வாங்கணும்?"

எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னது.

எழுந்தவர்கள் அவரவர் இலைக்குப் பின்னாலேயே நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும், "அட, நல்லெண்ண வட இருந்துச்சா? எனக்கு ஒண்ணு வெச்சிருந்தா நானும் வாய மூடிக்கினு இருந்திருப்பனே" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் நின்றவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மறுபடி போட்டார். கடைசியில் அக்காவிடம் வந்து, "கைக்குத் தண்ணி ஊத்தும்மா" என்றார். அக்கா ஊற்றினார். அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரப் பார்த்தார்.

"ஒட்டாம குந்துங்கண்ணே. தெறிச்சிடும்" என்றார் அக்கா.

அவர் தள்ளி உட்கார்ந்தார். புது இலை போட்டோம். அந்த இலையில் கை நனைத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத முடியாது. வரன் பேசிய வீட்டார் பாயசத்துக்கு நிற்காமல் போய்விட்டார்கள். பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. தனி இலை போடாமல் இருந்தால் வெளியே வந்திருக்காதே என்று அவருக்கு மனத்தாங்கல். அதைப் பற்றிக் கேட்டால் அக்கா, "அவங்க சொல்றதும் நாயந்தான்" என்பார்.

அடுத்த தடவை பெண் பார்க்க வந்தவர்களிடம், காபி வருவதற்கு முன்பே பெரியப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர்கள் போய்விட்டார்கள். அதற்கு அடுத்து வந்தவர்கள் கேட்டுவிட்டும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் இப்போது திருக்கோவிலூரில் நன்றாக இருக்கிறது.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் புற்று என்றார்கள். கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். கடைசியில் வீட்டுக்கே கூட்டி வந்தோம். கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள், பிஸ்கெட், இட்லி என்று கொடுத்து, "ஒரு வாய் சாப்புடு" என்பார்கள். அக்கா வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மாப்பிள்ளையின் தங்கை மட்டும்தான் வந்ததும், "அத்த, எது ஆவும், எது ஆவாது?" என்று கேட்டது. கேட்டு, அதை மட்டும் செய்து ஊட்டியது. மகளும் நாத்தனாரான அந்தப் பெண்ணும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அடி வாங்கிய அந்தக் கையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா அடங்கினார்.

கூட இருந்து பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஊரைத் திரட்டி அக்காவை எடுத்துப் போட்ட பெரியப்பாவுக்கும், தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கும்பிடுகிறது.

இன்றைக்கு அக்கா பேரில் சாப்பாடு போடுகிறோம். சர்க்கரை உள்ளவர்கள், உப்பு கூடாதவர்கள், வேறு எது ஆகாதவர்களாக இருந்தாலும் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். எல்லார் எதிரிலும் சொல்லப் பிடிக்காவிட்டால் அடுப்படிக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். வெளியே சொல்லவும் மாட்டேன்.