மாதாவின் முடியும் சந்தியோகுவின் தோளும்

குருநகரில் திருநாள் சுற்றுக்கு மாதாவின் சுரூபக் கூட்டைத் தோளில் தூக்க நாலு பேர். இடப்பக்க முன்தண்டு சந்தியோகுவுக்கு. இருபத்திரண்டு திருநாளாக அந்தத் தண்டை அவர் வேறெவருக்கும் விட்டதில்லை. வீட்டில் அரிசிப்பையைத் தூக்கச் சொன்னால் மட்டும் அதே தோள் நோகும். அதற்கு மனைவி செபஸ்தியம்மா சாட்சி.

போன திருநாளில் மாதாவின் மணிமுடி நடுங்கியது என்று, வலப்பக்கம் தூக்கும் கொலின்ஸ் கோயில் கூட்டத்தில் போட்டுடைத்தான். நடுங்கியது முடியல்ல, சோடனை பல்ப்புகள்தான் மினுங்கின என்று சந்தியோகு சாதித்தார். சோதித்துப் பார்ப்பது, தோள்தான் காரணமென்றால் தண்டைக் கைமாற்றுவது என்று முடிவாகியது. அன்று அவர் மீன்குழம்பை இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஜெற்றியடியில் போன் திருத்தும் ஜெயகௌரி, அசைவை அளக்கும் சென்சரைக் கூட்டில் ஒட்டினாள். மாதாவுக்குப் பதில் மணல்மூட்டை. பின்னால் சோடனை விளக்குகளுக்கு ஜெனரேற்றர். வாங்குப் பலகையில் இருந்த கூட்டை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் ஜெனரேற்றர் உறுமியதும் லப்டொப்பில் கோடு குதித்தது.

“பாத்தியளே, வாங்கில இருந்துகொண்டே மூட்டை ஆடுது,” என்றார் சந்தியோகு. அன்று முழுக்க ஜெனரேற்றரைத் தடவிக்கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் ஜெயகௌரி வேறொன்று கொண்டுவந்தாள். முந்தியது தானே செய்த ஒற்றைத் தகட்டுச் சாமான் என்று ஒப்புக்கொண்டாள். இதற்குள்ளே மயிரிழை ஸ்பிரிங் வில்லுகளில் ஒரு குட்டிப் பாரம். இரண்டு பக்கமும் முட்டாமல் ஒவ்வொரு தகடு. கூடு குலுங்கினால் பாரம் ஒரு பக்கம் பிந்தும். அந்தப் பக்க இடைவெளி ஒடுங்க, அங்கே பிடித்துவைக்கும் மின்னேற்றம் கூடும். மற்றப் பக்கம் குறையும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் குலுக்கம்.

“அப்ப ஜெனரேற்றரின்ரை கூத்து?” என்றார் சந்தியோகு.

“மீன் தராசில மழை பெய்தா ரெண்டு தட்டும் ஒரேயளவா நனையும் அண்ணை, முள்ளு அசையுமே? கரண்ட் இரைச்சலும் ரெண்டு தகட்டிலயும் ஒரேமாதிரித்தான் விழும். கழிச்சாப் போச்சு.”

சந்தியோகு ஜெனரேற்றரை இன்னும் முறுக்கச் சொன்னார். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

நாலு பேரும் தூக்கினார்கள். கோட்டில் மரமரியும் வாளின் பல் மாதிரிப் பொடிப்பொடி நடுக்கம். ஒவ்வொருவராக விலகிப் பார்த்தார்கள். சந்தியோகு விலகியபோது மட்டும் பற்கள் மறைந்தன.

எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ரை தோள்தான்,” என்றார். “போன வருசமே தெரியும்.”

கொலின்ஸ் தலையைச் சொறிந்தான். வலை இழுத்து இழுத்துப் பழுதானது இடத்தோள் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே படகு.

“அண்ணை, என்ரை பக்கம் வாங்கோ. நான் உங்கை வாறன்.”

வலத்தோளில் பற்கள் வரவில்லை. அலைபோல மெதுவான ஏற்ற இறக்கம் மட்டும். அது கடற்காரரின் நடை, அதற்குத் தன்னிடம் மருந்தில்லை என்று ஜெயகௌரி சென்சரைக் கழற்றினாள்.

அப்படியும் சந்தியோகுவின் மனம் ஆறவில்லை. கூட்டின் கீழே நிற்பவருக்கு முடி தெரியாதே. திருநாளன்று, முடி நடுங்கினால் செருமச் சொல்லி, மெழுகுதிரியோடு செபஸ்தியம்மாவைப் பக்கத்தில் நடக்கவிட்டார்.

முதல் மூலையிலேயே அவள் செருமினாள். இரண்டாம் மூலையில் மூன்று தரம். சந்தியோகு பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், தெரிந்த செபமெல்லாம் சொன்னார். பாதி வழிக்குள் தெப்பமாக நனைந்துபோனார். கோயிலில் கூட்டை இறக்கியதும் நேரே அவளிடம் போய், எத்தனை தரம் நடுங்கியது என்று கேட்டார்.

“எங்கை நடுங்கினது? எனக்கு நேற்றிலயிருந்து தடிமனும் இருமலுமப்பா.”

அன்று வீட்டில் கொத்தமல்லி அவித்தது சந்தியோகுதான். திட்டிக்கொண்டேதான் அவித்தார், சீனி மட்டும் இரண்டு கரண்டி கூடப் போட்டார்.